மஷ்ரூம் கோரல் சுருங்குது, ஒண்ணு கல்லை விட்டுக் கழண்டு மிதக்குது – கடைக்காரர் சொன்னபடி வெளிச்சத்தைக் கூட்டலாமா?

குடந்தை_உப்புத்தொட்டி
எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல 3 அடி தொட்டி, சம்ப்போட (கீழே இருக்கற வடிகட்டித் தொட்டி) சேர்த்து சுமார் 200 லிட்டர். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு கிளீனர் இறால். பவளம்னா மஷ்ரூம் (வட்டத் தட்டு மாதிரி விரியற, கூடு இல்லாத வகை) மட்டும்தான். சிவப்பு டிஸ்கோசோமா ஒரு கல்லு நிறைய இருக்கு, பச்சை ரோடாக்டிஸ் கொஞ்சம். எல்லாமே சென்னை கொளத்தூர்லேர்ந்து ரயில் பார்சல்ல வந்தது.

வந்த புதுசுல நல்லா விரிஞ்சுது. இப்போ சிவப்பு வெளிறி, ஓரமெல்லாம் உள்பக்கமா சுருண்டு கிடக்கு. ஒரு ரோடாக்டிஸ் கல்லை விட்டுக் கழண்டு தொட்டி முழுக்க சுத்துது. நேத்து பவர்ஹெட் (தண்ணியை ஓட்டுற மோட்டார்) வாயில போய் ஒட்டிக்கிச்சு.

உப்பு 1.025 (அடர்த்தி எண்). ஆல்கலினிட்டி (தண்ணி அமிலத்தைத் தாங்குற சக்தி) 8.5. கால்சியம் 420. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. வெப்பம் காலையில 27, மதியம் 29. விளக்கு 165 வாட் எல்இடி, நீலம் 80 சதவீதம், வெள்ளை 60. ஸ்கிம்மர் (கழிவை நுரையா எடுக்கற கருவி) 24 மணி நேரமும் ஓடுது, பாஸ்பேட் ரிமூவரும் இருக்கு.

வாங்கின கடையில கேட்டா, "வெளிச்சம் பத்தலை, இன்னும் கூட்டு, அயோடின் ஊத்து"ங்கறாங்க. செய்யலாமா?

தஞ்சை_ரீஃப்
நம்பர் எல்லாம் அருமையா இருக்கே தம்பி. நைட்ரேட் 0 எடுக்க நாங்க தலைகீழா நிக்கிறோம். கால்சியத்தை 440 பக்கம் கொண்டுபோய், டோசிங் (தினம் அளந்து ஊத்தறது) ஆரம்பிச்சுப் பாருங்க. ஓட்டத்தையும் கொஞ்சம் கூட்டுங்க. மஷ்ரூமும் பவளம்தானே.

சீர்காழி_செவுள்
மிதக்குறதுக்கு ஒரு பேரு வச்சிடுங்க. எங்க வீட்டுல ஒண்ணு இப்படித்தான் ஊரைச் சுத்திட்டு ஓவர்ஃப்ளோ வழியா சம்ப்புக்குப் போய், இருட்டுல அங்கேயே செட்டில் ஆயிடுச்சு. மேல இருந்ததைவிட அங்கே நல்லா இருக்கு 😀

மன்னை_பவளக்காரி
செவுள் விளையாட்டாகச் சொன்னாலும் பதில் அதில்தான் இருக்கிறது. சம்ப்பில் வெளிச்சம் குறைவு, கழிவும் அதிகம். மஷ்ரூமுக்கு வேண்டியது அதுதான்.

குடந்தை தம்பி, கடைக்காரர் சொன்ன இரண்டையும் செய்ய வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களிலேயே காரணம் இருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0, மேலே 165 வாட் விளக்கு. இந்த உயிர்களின் சதைக்குள் ஒரு நுண்பாசி வாழ்கிறது. அது ஒளியில் சமைத்துப் போடும் சாப்பாட்டைத்தான் மஷ்ரூம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். உரத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் கொட்டினால் பாசி தாங்காது, பவளம் அதை வெளியே தள்ளிவிடும். சிவப்பு வெளிறுவது அதனால்தான். மதிய 29 டிகிரியும் சேர்ந்துகொள்கிறது.

கடலில் இவை இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிஸ்கோசோமாவும் ரோடாக்டிஸும் பெரும்பாலும் பாறை நிழலில், கலங்கலான காயல்களில், ஓட்டம் மந்தமான இடத்தில் வளர்பவை. பளிங்குத் தண்ணீர் அவற்றுக்குப் பட்டினி.

செய்ய வேண்டியது: பாஸ்பேட் ரிமூவரை எடுத்துவிடுங்கள். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். மீனுக்குத் தீனி ஒரு வேளை கூடப் போடுங்கள். நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை வந்தால் போதும். ஒரே வாரத்தில் ஏற்ற வேண்டாம். விளக்கை நீலம் 40, வெள்ளை 10 என்று இறக்குங்கள். அதற்குப் பிறகு தொட்டிக்குள் கைவிடவே கூடாது. இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அயோடின் வேண்டாம். தொட்டிக்குக் கரைக்கும் உப்புக் கலவையிலேயே இருக்கிறது, தண்ணீர் மாற்றும்போது வந்துவிடும். வீட்டு டெஸ்ட் கிட்டில் ஒழுங்காக அளக்க முடியாத ஒன்றை ஊற்றுவது எனக்குப் பிடிக்காது.

மன்னை_பவளக்காரி
மிதப்பதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பவர்ஹெட் வாயில் ஸ்பாஞ்ச் கட்டுங்கள், உடனே. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் விரல் நுனி அளவு கல்துண்டுகளைப் பரப்பி, மஷ்ரூமை வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். டப்பாவின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி ரப்பர் பேண்டு போடுங்கள். ஓட்டம் இல்லாத மூலையில் மணலில் பதித்துவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஏதாவது ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். சூப்பர் க்ளூவால் ஒட்டப் பார்க்காதீர்கள், அது கக்கும் கோழையில் பசை நிற்காது. கொழகொழவென்று கரைந்து நாற்றமடித்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

கழன்ற இடத்தில் பாதத்தின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்ட வேண்டாம், அங்கிருந்து புதிதாக ஒன்று முளைக்கும்.

தஞ்சை_ரீஃப்
அக்கா, ஊட்டம் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா கால்சியம் ஏன் வேண்டாம்?

மன்னை_பவளக்காரி
கட்டுவதற்கு எலும்புக்கூடு இல்லையே தம்பி. கல் பவளத்துக்கு நெருங்கிய சொந்தம்தான், உடலமைப்பும் கிட்டத்தட்ட அதே. ஆனால் சுண்ணாம்புக் கூடு கட்டாத கிளை இது. மஷ்ரூம் மட்டும் உள்ள தொட்டியில் கால்சியமும் ஆல்கலினிட்டியும் மெதுவாகத்தான் இறங்கும். தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும். டோசிங் பம்ப் காசுக்கு ஒரு நல்ல ஃபேன் வாங்கலாம்.

தஞ்சை_ரீஃப்
சரி. ஆனா "மஷ்ரூம்னா இருட்டு"ன்னு எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டிடாதீங்க. ரிகார்டியா ஃப்ளோரிடாங்கற மஷ்ரூம் கரீபியன் கடல்ல ஆழமில்லாத, வெயில் படுற இடத்துலயும் இருக்கு. என்கிட்ட பார் மீட்டர் (பாசிக்கு உதவுற ஒளியை அளக்கறது) இருக்கு. டிஸ்கோசோமா 50 பக்கத்துல நல்லா விரியுது, ஃப்ளோரிடா 100-லயும் ஜம்முன்னு இருக்கு. ரிகார்டியா யூமா மட்டும் அடம். புதுத் தொட்டியில வச்சா கரைஞ்சே போயிடும். குடந்தை தம்பி, செல்போன் ஆப்ல பார் அளக்காதீங்க. நீல வெளிச்சத்துல அது உளறும்.

மன்னை_பவளக்காரி
ஃப்ளோரிடா பற்றிச் சொன்னது சரி. அதையும் கீழே வைத்து, மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும்.

குடந்தை_உப்புத்தொட்டி
ரொம்ப நன்றி அக்கா. ரிமூவரை எடுத்துட்டேன். விளக்கை இறக்கினதும் வீட்டுல "என்னடா தொட்டி சாவு வீடு மாதிரி இருக்கு"ன்னு கேக்கறாங்க. பரவால்ல. டப்பா, கொசுவலை எல்லாம் ரெடி.

மதிய வெப்பத்துக்கு என்ன வழி? சில்லர் வாங்க வசதி இல்லை. இன்னும் அக்னி நட்சத்திரமே வரலை.

நாகை_இறால்காரர்
தம்பி, தண்ணி மட்டத்துக்குக் கிடையா சின்ன ஃபேன் ரெண்டு வச்சு ஊதவிடு. தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிட்டுப் போயிடும், 2 டிகிரி, சில நாள் 3 டிகிரி இறங்கும். உங்க ஊர்ல சித்திரை வைகாசியில காத்து காய்ஞ்சு கிடக்கும், நல்லா வேலை செய்யும். எங்க நாகப்பட்டினத்துல கடக்காத்துல ஈரம், பாதி பலன்தான். தொட்டி மூடியைக் கழட்டி வலை போடு, இல்லாட்டி மீன் குதிச்சிடும்.

ஆவியாகிறது நல்ல தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நிக்கும். தினம் ஆர்ஓ தண்ணி விட்டு மட்டத்தைச் சரி பண்ணு, உப்புத்தண்ணி விடாதே. போர்த் தண்ணியும் கிட்டவே வரக்கூடாது, டெல்டா கீழ்ப்பக்கம் பாதி ஊர்ல அது உப்பும் இரும்புமா வருது.

உப்பு எதுல அளக்கிறே? இறால் பண்ணைக்கு விக்கிற ரெஃப்ராக்டோமீட்டரே போதும், எங்க பக்கம் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். நல்ல தண்ணியில 0 வச்சா மட்டும் போதாது, 35 (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) காட்டுற அளவுத் தண்ணியிலயும் சரிபாரு.

மயூரம்_மீன்வீடு
கடல் இவ்வளவு கிட்ட இருக்கு, எதுக்கு காசு கொடுத்து உப்பு வாங்கணும்? பூம்புகார்ல கேன்ல பிடிச்சுக்கலாமே. இல்லேன்னா வேதாரண்யம் உப்பு மூட்டை மூட்டையா கிடக்கு, கரைச்சா ஆச்சு.

நாகை_இறால்காரர்
மயூரம் ஐயா, ரெண்டும் ஒண்ணு இல்லை, தனித்தனியா சொல்றேன்.

வேதாரண்யம் உப்பு சாப்பாட்டுக்கு, கருவாட்டுக்கு. பாத்தியில கடத்தண்ணி சுண்டும்போது முதல்ல சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில தங்கிடும். அப்புறம்தான் உப்புப் பூக்கும். உப்பை வாரினப்புறம் மிஞ்சுற கசப்புத் தண்ணியில மெக்னீசியமும் பொட்டாசியமும் போயிடும். கைக்கு வர்றது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. நல்ல கடத்தண்ணியில லிட்டருக்கு மெக்னீசியம் 1280 மில்லிகிராம், கால்சியம் 410, பொட்டாசியம் 390 பக்கம் இருக்கும். அந்த உப்பைக் கரைச்சு 35 காட்ட வச்சாலும் இதெல்லாம் எங்கேர்ந்து வரும்? மீட்டர் ஏமாறும், பவளம் ஏமாறாது.

கடத்தண்ணி வேற. எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். ஆனா எப்போ, எங்கேங்கறதுதான் விஷயம். ஐப்பசி கார்த்திகையில கரையோரம் எடுக்காதீங்க. வடகிழக்குப் பருவமழையில ஆத்துத் தண்ணி இறங்கி உப்பு குறையும், சேறு கலங்கும், வயல்ல அடிச்ச மருந்தும் வாய்க்கால் வழியா வரும். முகத்துவாரத்துகிட்ட எப்பவுமே வேண்டாம், துறைமுகத்துகிட்ட டீசல் மிதக்கும். இப்போ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு ஓடாது, மழையும் இல்லை. எடுக்கிறதா இருந்தா இப்போ எடுங்க.

எடுத்ததை அப்படியே ஊத்தக்கூடாது. பண்ணையில செய்யறதுதான்: துணியில வடிகட்டு, ப்ளீச்சிங் பவுடர் போடு, ஏரேட்டர் ஓடட்டும், வெயில்ல குளோரின் போகட்டும். மிச்சம் இருந்தா சோடியம் தயோசல்பேட்டால முறிச்சிட்டு, குளோரின் கிட்ல 0 பார்த்தப்புறம் தொட்டிக்கு. இவ்வளவு பண்ண பொறுமை இல்லேன்னா பேசாம உப்புக் கலவை வாங்கிடுங்க. 200 லிட்டர் தொட்டிக்குப் பெரிய செலவு இல்லை.

மயூரம்_மீன்வீடு
புரிஞ்சுதுங்க. கலவையே வாங்கிடறேன்.

காரைக்கால்_கரையோரம்
என் ரோடாக்டிஸுக்கு வாரம் ஒரு தடவை மார்க்கெட் இறாலைப் பொடியா நறுக்கி வைக்கிறேன். வாயை மூடிப் பை மாதிரி ஆகி முழுங்கிடுது. டிஸ்கோசோமா மட்டும் தொடவே மாட்டேங்குது. வேற ஏதாவது கொடுக்கணுமா?

நாகை_இறால்காரர்
உங்க தொட்டியில கிளீனர் இறால் இருந்தா அந்தப் பழக்கத்தை விட்டுடுங்க. வெள்ளைப் புள்ளி வைரஸ் உறைய வச்ச இறால்லயும் சாகாது. அந்த நோய் கண்ட குட்டை என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும், இறால் கூட்டம் கூட்டமா கரை ஒதுங்கும். அவசரமா பிடிச்ச சரக்கு சந்தைக்குத்தானே வருது. மீன் சதையைக் கொடுங்க, இல்லேன்னா மைசிஸ்ங்கற பாக்கெட் தீனி வாங்கிக் கொடுங்க. மனுஷன் சாப்பிட ஒண்ணும் பயம் இல்லை, அது இறால், நண்டு சாதிக்கான நோய்.

மன்னை_பவளக்காரி
இது எனக்கே புதுத் தகவல், நன்றி அண்ணா. கரையோரம், டிஸ்கோசோமா பெரிய தீனியைப் பிடிப்பது அபூர்வம். மீன் கழிவும் வெளிச்சமுமே அதற்குப் போதும், ஊட்டிவிட முயல வேண்டாம். ரோடாக்டிஸுக்கும் தீனி கட்டாயம் இல்லை, கொடுத்தால் சீக்கிரம் பெருக்கும், அவ்வளவுதான்.

மட்டுறுத்துநர்
தனிமடலில் இரண்டு பேர் "ராமேஸ்வரம் பக்கம் ஆள் இருக்கிறார், உயிர்க்கல்லும் பவளமும் மலிவாகத் தருகிறார்" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவுகள். பாறை கட்டும் கல் பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2001-ல் சேர்த்தார்கள். செத்த பவளக்கல்லும் அதில் அடக்கம். மஷ்ரூம் கல் பவளம் அல்ல என்றாலும், அது ஒட்டியிருக்கும் கல் எங்கிருந்து வந்தது என்று உங்களைத்தான் கேட்பார்கள். பில் போட்டுத் தருபவரிடம் வாங்குங்கள், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். செயற்கைக் கல்லில் வளர்த்த துண்டு என்றால் இன்னும் நல்லது.

குடந்தை_உப்புத்தொட்டி
ஆடிப்பெருக்கு முடிஞ்சு எழுதறேன், மன்னிக்கணும். அக்கா சொன்னபடியே விட்டுட்டேன். டப்பாவுல இருந்தது கல்லைப் பிடிச்சிடுச்சு. சிவப்பு நிறம் திரும்பி, ஓரம் விரிஞ்சு கிடக்கு. நைட்ரேட் இப்போ 8. கழண்ட இடத்துல கடுகு அளவுல பச்சையா ரெண்டு முளைச்சிருக்கு!

இனி வெட்டிப் பெருக்கலாமா? யூடியூப்ல பிளேடால சர்ருன்னு வெட்டுறாங்க.

மன்னை_பவளக்காரி
நாற்றைப் பறித்து நட்டால் சில நாள் துவண்டு கிடந்து, வேர் பிடித்த பிறகுதான் நிமிரும். உங்கள் மஷ்ரூம் இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது. நடவு முடிந்த உடனே யாராவது அரிவாளை எடுப்பார்களா? ஐப்பசி வரை பொறுங்கள்.

பிறகு வெட்டலாம். தொட்டியில் வைத்து வெட்டாதீர்கள். கல்லோடு வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் உள்ள தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். புது பிளேடால் வாய் நடுவே இரண்டாக, ஒவ்வொரு பாதிக்கும் வாயில் ஒரு பங்கும் பாதத்தில் ஒரு பங்கும் வரும்படி வெட்டுங்கள். முதல் தடவை நாலாக வெட்டும் ஆசை வேண்டாம். வேறு கிண்ணத்தில் இரண்டு தடவை அலசி, கோழை போன பிறகு அதே கொசுவலை டப்பா. டிஸ்கோசோமாவும் ரோடாக்டிஸும் இதைத் தாங்கும். யூமாவை வெட்டாதீர்கள்.

அதே கல்லில் ஜோவாந்திட், பாலிதோவா என்ற பொத்தான் பவளங்கள் இருந்தால் அந்தக் கல்லைத் தொடாமல் இருப்பதே நல்லது. மஷ்ரூமில் அந்த நஞ்சு இல்லை, ஆனால் பாலிதோவாவில் இருக்கும் பாலிடாக்ஸின் 1971-ல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்டது, அறியப்பட்ட கொடிய நஞ்சுகளில் ஒன்று. அந்தக் கல்லைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யப் போய் வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாட்டில் உண்டு. கொதிக்க வைக்கவே கூடாது.

தஞ்சை_ரீஃப்
வெட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணு யோசிங்க. நீங்க வெட்டாமலே அது பெருகும். நகரும்போது பாதத் துணுக்கை விட்டுட்டுப் போகும், ஒவ்வொண்ணும் ஒரு மஷ்ரூம். பசிபிக்ல பால்மைரா பவளத்தீவுல 1991-ல ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டுச்சு. அந்த உடைஞ்ச கப்பலைச் சுத்தி ரோடாக்டிஸ் கிளம்பி ஏக்கர் கணக்குல பாறையை மூடிடுச்சு. கப்பல் இரும்பு கரைஞ்சதுதான் அதுக்கு உரமாச்சுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சந்தேகப்படறாங்க. கடைசியில அமெரிக்க அரசாங்கம் அந்தக் கப்பலையே வெட்டி அள்ளிட்டுப் போச்சு. கடல்லயே இந்தக் கதின்னா 3 அடி தொட்டியில?

பக்கத்துல கல் பவளம் வைக்கிற எண்ணம் இருந்தா மஷ்ரூம் கல்லை மணல் நடுவுல தனித் தீவா வைங்க. தொட்டா வாய் வழியா வெள்ளை நூல் விட்டு எதிராளியை எரிச்சிடும். என்னோட மான்டிபோரா (ஒரு கல் பவளம்) ஓரம் அப்படித்தான் போச்சு.

குடந்தை_உப்புத்தொட்டி
அப்போ அதிகமானதை எப்படி அழிக்கிறது அண்ணே? எங்க ஊர்லதான் வெத்தலையும் சுண்ணாம்பும் பஞ்சமில்லை, சுண்ணாம்பைப் பூசினா சாகும்னு எங்கேயோ படிச்சேன்.

தஞ்சை_ரீஃப்
படிச்சது சரிதான், தொட்டிக்காரங்க கால்க்னு சொல்றது நீத்த சுண்ணாம்புதான். ஆனா வெத்தலைக் கடைச் சுண்ணாம்பு வேண்டாம், வாசனையும் கலரும் சேர்த்திருப்பாங்க. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி, குழைச்சு, பம்பை நிறுத்திட்டு சிரிஞ்சால மஷ்ரூம் வாய் மேல கொஞ்சமா வைங்க. ஒரே நாள்ல ஒண்ணு ரெண்டுக்கு மேல வேண்டாம், பிஹெச் எகிறிடும். சுரண்டினா மட்டும் தீராது, துணுக்கு மிஞ்சி ரெண்டா வரும். சின்னக் கல்லுன்னா கல்லோட எடுத்து யாருக்காவது கொடுத்துடுங்க.

சீர்காழி_செவுள்
"யாருக்காவது"ன்னா நான் இருக்கேன் தம்பி. சிவப்பு ஒண்ணு. ஜங்ஷன்ல வந்து வாங்கிக்கறேன்.

குடந்தை_உப்புத்தொட்டி
கட்டாயம் அண்ணே, வெட்டினதும் முதல் துண்டு உங்களுக்குத்தான். கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்? மழைக்காலம் வருதேன்னு கேக்கறேன்.

நாகை_இறால்காரர்
முதல்ல போறது மீனும் இறாலும்தான், மஷ்ரூம் கடைசி வரைக்கும் கிடக்கும். 2018 நவம்பர் கஜாவுல வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கா கரண்ட் இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தொட்டியில மீன் ஒண்ணும் மிஞ்சலை, செத்ததை அப்பப்போ எடுத்துட்டுத் தண்ணி மாத்தினதுல மஷ்ரூம் மட்டும் நின்னுது. பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு வாங்கி வை, இன்வெர்ட்டர்ல பவர்ஹெட்டை மட்டும் கொடு, விளக்கு வேண்டாம். கரண்ட் இல்லாத நேரத்துல தீனி போடாதே. கலக்கின உப்புத்தண்ணி ஒரு டிரம் எப்பவும் இருக்கட்டும், அதையும் மூடி வை.

காரைக்கால்_கரையோரம்
கடைசியா ஒண்ணு. கடையில "யானைக்காது"ன்னு ஒண்ணு காட்டினாங்க, சாப்பாட்டுத் தட்டு அகலம், சாம்பல் நிறம். க்ளவுன் அதுல குடியிருக்கும்னு சொல்றாங்க. வாங்கலாமா?

மன்னை_பவளக்காரி
ஆம்ப்ளெக்ஸிடிஸ்கஸ். குடியிருக்கும், ஒரு நாள் உள்ளேயே போய்விடும். ஓரத்தை மெல்ல மேலே தூக்கிப் பந்து போல மூடி, நடுவில் இருக்கும் மீனை விழுங்கும் இனம் அது. ரோடாக்டிஸிலும் பெரிதாக வளர்பவை சின்ன மீனை இப்படிப் பிடிப்பதுண்டு. க்ளவுன் இருக்கும் தொட்டிக்கு வாங்காதீர்கள். ஆசை விடவில்லை என்றால் மீனில்லாத தனித் தொட்டியில் வையுங்கள், 60 லிட்டராவது இருக்கட்டும்.